பெரிய பால்கனி கேட்டவள்

கப்பல் பயணத்துக்கு அறை எடுக்கப் போகிறவர்கள் கடல் தெரியுமா என்று கேட்பார்கள், சாப்பாடும் சேர்த்தா என்று கேட்பார்கள். நான் போய் உட்கார்ந்ததும் பால்கனி எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

டிராவல் ஏஜென்சிப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள். சின்னப் பெண். காதில் ஹெட்போன் மாட்டிய தடம் முடியில் அப்படியே அழுந்தியிருந்தது. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பால்கனி ரூம்லயே ரெண்டு வகை இருக்கு மேடம். சாதா பால்கனின்னா ரெண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை. பெரிய பால்கனின்னா நீளமான சாய்வு நாற்காலியே போடலாம்."

"ஆறடி ஆளு கால நீட்டிப் படுக்க முடியுமா?"

"படுக்கவா?"

"சாஞ்சுக்கத்தான். இவருக்குக் காத்து வேணும்."

இவர் என்றால் என் கணவர். லிஃப்ட் மெக்கானிக். இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல, மேஜைமேல் இருந்த பொம்மைக் கப்பலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றாள் அந்தப் பெண். "கல்யாணமாகி இத்தன வருஷத்துக்கு அப்புறமும் மேடம் உங்களுக்குப் பாத்துப் பாத்துச் செய்யறாங்க."

அவர் சிரித்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மை இதுதான். நாங்கள் பிரிந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டோம். இவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்து, சாவியும் வாங்கி வைத்துவிட்டார். வீட்டில் கொஞ்ச நாளாகவே அவருக்குக் கூடம், எனக்குப் படுக்கையறை. கப்பல் அறையில் இருப்பதோ ஒரே கட்டில். அதில் இவரோடு படுக்க என்னால் முடியாது. சோபா என்று அங்கே போட்டிருப்பது கைக்குழந்தைக்குத்தான் காணும். தரையில் படுத்தால் குளியலறைக் கதவு திறக்காது. ஆகவே இவர் பால்கனியில் படுப்பார். பெரிய பால்கனி அதற்குத்தான்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பயணம் என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவுக்காக.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். ஆயுசு முழுக்க ரொட்டி அடுப்பின் முன்னால் நின்ற மனிதர். ஒரு காலை குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் மத்தியானம் வரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்கப் போய்த்தான் தெரிந்தது. அதிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். மனிதர் அசையவில்லை. "பொண்ணு தலைல போய் உக்கார மாட்டேன்" என்றார். கடைசியில் இவர் ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம வீடு மாமா, வாங்க" என்று இரண்டே வார்த்தை சொன்னார். அப்பா சரி என்றுவிட்டார். "ஒரு தடவ கப்பல்ல போயிட்டு வந்துடணும், அப்புறம் பெட்டியக் கட்டிக்கிட்டு மாப்பிள்ள வீட்டுக்கு வந்துடறேன்." கவனியுங்கள், மாப்பிள்ளை வீடு. என் வீடு இல்லை.

நாங்கள் பிரிவது அப்பாவுக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே காரியம் கெட்டது. 'உனக்கே தலைக்கு மேல பாரம், இதுல நான் வேறயா' என்று சொல்லி, அந்த வழுக்குகிற குளியலறைக்கே திரும்பிப் போய்விடுவார். அடுத்த முறை எதிர்வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால்? அதனால் திட்டம் போட்டேன். பயணம் முடியட்டும், அப்பா எங்கள் வீட்டில் வந்து படுக்கை விரித்துப் பழகட்டும். பிறகு இவருக்கு வேலை மாற்றல் என்று ஒரு கதை விட்டுக்கொள்ளலாம். இவரிடம் சொன்னேன். "மாமாவுக்காகத்தானே, சரி" என்றார். ஹாஸ்டலில் படிக்கிற எங்கள் மகள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "நானா போய்த் தாத்தாகிட்ட சொல்ல மாட்டேன். அவரு கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். நான் வரலம்மா, ஆள விடு" என்றுவிட்டாள்.

ஏஜென்சிப் பெண் திரையில் கப்பலின் படத்தைப் பெரிதாக்கினாள்.

"பின்பக்கம் போனீங்கன்னா பால்கனி ரெண்டு மடங்கு பெருசு மேடம். ஆனா ஒரு விஷயம், அங்க மேல..."

"சத்தமா இருக்குமா?"

"சத்தமெல்லாம் இல்ல. மேல வந்து..."

"ஆடுமா?"

"கொஞ்சம் ஆடும். நான் சொல்ல வந்தது..."

"ஆடினா ஆடட்டும். அதையே போடுங்க."

என் வாய் அப்படி. வாடகைக் கார் கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் போனில் ராமாயணம் பாட ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எங்கே நிற்கிறாய், எப்போது வருவாய், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்பாவுக்கு உங்க பக்கத்து ரூமே போட்டுடவா?" என்றாள் பெண்.

பக்கத்து அறை என்றால் சுவர் வழியாகக் காது கேட்கும். தூரத்து அறை என்றால் அப்பாவை அடிக்கடி போய்ப் பார்க்க முடியாது. "எங்களுக்கு நேர் மேல் தளத்துல போடுங்க" என்றேன். மாடி வீடு மாதிரி, தலைக்கு மேலே ஒரு கூரை, கூரைக்கு மேலே அப்பா. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெண் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அறை பதிவாகிவிட்டது.

ஏன் பிரிகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு நல்ல காரணம்கூடக் கிடையாது. குடியில்லை, அடியில்லை, வேறு பெண் இல்லை. இந்த மனிதர் பேச மாட்டார். நான் பேசுவேன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுவேன். சுவரோடு பேசுகிற மாதிரி இத்தனை வருஷம் பேசியாகிவிட்டது. ஒரு சாயங்காலம் கோபம் தலைக்கேறி, "என்கூட இருக்கப் பிடிக்கலன்னா போயிடுங்க" என்றேன். எந்த வீட்டில்தான் பெண்கள் இதைச் சொல்லவில்லை? இந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. எங்கே போவது என்று கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்படியே செஞ்சிடலாம்" என்று எழுந்து கை கழுவினார். நான் சொன்னதை நான் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் கை கழுவியதை மறக்க முடியவில்லை.

கப்பலில் ஏறிய அன்று பால்கனிக் கதவை இழுத்துத் திறந்தபோது உண்மையிலேயே மனசு நிறைந்தது. எங்கள் கூடத்தைவிடப் பெரிசு. பின்னால் நுரை நுரையாக நீர் விரிந்து போய்க்கொண்டே இருந்தது. இவர் நீள நாற்காலியை விரித்து, திருகு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தொழில் புத்தியில் ஆட்டிப் பார்த்தார்.

"தலையணைய இந்தப் பக்கம் வெச்சுக்குங்க. அந்தப் பக்கம் மூஞ்சில காத்து அடிக்கும். போர்வை ரெண்டு கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்" என்றேன்.

"என்னம்மா தலையணை?"

இவர் குரல் இல்லை அது. வானத்திலிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தேன். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா, பல் தெரியச் சிரித்தபடி நின்றிருந்தார்.

"அம்மாடி, எவ்வளவு பெரிய இடம் உங்களுக்கு! எனக்கு இதுல பாதிதான். உங்க நாற்காலி, மேஜ, மாப்பிள்ளயோட செருப்பு, எல்லாம் இங்கேருந்து தெரியுது!"

பின்பக்கத்தில் ஒவ்வொரு தளமும் மேலே போகப் போக உள்ளே தள்ளிப்போகிறது, படிக்கட்டு மாதிரி. கீழே இருக்கிற பால்கனி பெரிசாக இருப்பதே அதனால்தான். பாதிக்குமேல் கூரை கிடையாது, திறந்த வெளி. ஏஜென்சிப் பெண் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள்.

"இடுப்பு வலிப்பா எனக்கு. தலையணை வெச்சு உக்காந்தா சுகமா இருக்கும்" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

"அந்தப் பொண்ணு சொல்ல வந்துச்சு" என்றார் இவர்.

"அப்ப நீங்க கேட்டிருக்கலாம்ல? வாயில என்ன இருந்துச்சு?"

"நீ விட்டாத்தானே."

"ஓ, இப்ப அதுவும் என் தப்பா!" குரலைத் தணித்துக்கொண்டு கத்துவது என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போலக் கொடுமை வேறில்லை. வரவேற்பு மேஜைக்கு ஓடினேன். கப்பல் நிரம்பி வழிகிறது, ஓர் அறைகூடக் காலியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். கண்ணாடிக் கதவை ஒட்டி ஒரு பட்டை இடம் மட்டும் மேல் தளத்துக்கு அடியில் வருகிறது. அங்கே நாற்காலியைப் போட்டால் மேலே இருந்து தெரியாது. இவர் போட்டுப் படுத்துக் காட்டினார். நான் வெளிப்பக்கத்துக் கம்பி வரை போய் அண்ணாந்து பார்த்து, தலை மறைகிறது, இடுப்பு மறைகிறது என்று கணக்குப் போட்டேன். கால் மட்டும் வெளியே வந்தது. சாதாரண உயரமா இருக்கிறார் மனிதர்!

"கால மடக்கிக்குங்க."

"மடக்கிக்கறேன்."

"தூக்கத்துல நீட்டிடப் போறீங்க."

"நீட்ட மாட்டேன்."

தூங்குகிறவர் தன் காலுக்கு உத்தரவாதம் கொடுக்கிறார், நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு ரொட்டிக்கடைப் பழக்கம், பொழுது விடியுமுன் எழுந்துவிடுவார். முதல் நாள் விடிந்தும் விடியாமலும் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். கையில் மூன்று கோப்பைக் காபி. தட்டுகிற சத்தம் கேட்டதும் இவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு பாய்ந்து உள்ளே வந்து, கட்டிலில் விழுந்து, கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் அவர் பக்கத்துத் தலையணையை இரண்டு குத்துக் குத்திக் கசக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். அப்பா காபியைக் கொடுத்துவிட்டு, கண்ணைக் கசக்குகிற மாப்பிள்ளையைப் பார்த்து, "எழுப்பிட்டேனா?" என்றார். "இல்ல மாமா, முழிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றார் இவர். அது ஒன்றுதான் அன்றைக்கு அந்த அறையில் சொல்லப்பட்ட உண்மை.

அடுத்த நாளும் அப்படியே. அன்றைக்கு இவர் அவசரத்தில் செருப்போடு கட்டிலில் ஏறிவிட்டார். அப்பா போன பிறகு போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவருக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். இருவரும் சேர்ந்து ஒரு காரியம் இத்தனை கச்சிதமாகச் செய்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! சிரித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. இவர் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். எனக்கு அழலாம் போல இருந்தது.

அதற்கு மறுநாளிலிருந்து அப்பா காலையில் வரவில்லை. முட்டி வலிக்கிறது, படி இறங்க முடியவில்லை என்றார். லிஃப்ட் இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பகலெல்லாம் அப்பாவும் இவரும் சீட்டு விளையாடினார்கள். மேல் தளத்தில் ஜன்னலோரமாக ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு, பேச்சே இல்லாமல், மணிக்கணக்கில். அப்பா தோற்கும்போது மட்டும், "மாப்பிள்ள, நீங்க ஏமாத்தறீங்க" என்பார். இவர், "ஆமா மாமா" என்பார். இந்த மனிதரின் மௌனம் அப்பாவுக்கு எப்படி இனிக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பொறாமையாகக்கூட இருந்தது.

"கண்ணு ஏன் மாப்பிள்ள செவந்திருக்கு?" என்று ஒரு தடவை அப்பா கேட்டார்.

"கடல் காத்து மாமா."

"சேராதவங்களுக்குச் சேராது" என்றார் அப்பா, சீட்டைக் கலைத்துக்கொண்டே.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு விழித்தேன். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் போட்டிருந்தார். சாரல் காலடி வரை அடித்துக்கொண்டிருந்தது. கதவு பூட்டவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டவில்லை. தட்டட்டும், வாய் திறந்து கேட்கட்டும் என்று நானும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கே பொறுக்காமல் எழுந்துபோய்க் கதவை இழுத்தேன்.

"உள்ள வாங்க."

"பரவால்ல. விட்டுடும்."

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. நான் இறங்கி வந்தாலும் இவர் இறங்க மாட்டாரா? கதவைச் சாத்திவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மழை விடவில்லை.

கடைசி நாள் காலையில் அப்பா கூப்பிட்டு அனுப்பினார், நீ மட்டும் வா என்று. போனேன். தன் சின்னப் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. கரை தூரத்தில் கோடாகத் தெரிந்தது.

"உக்காரு."

"என்னப்பா, முட்டி வலியா இன்னும்?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல." கம்பிக்குக் கீழே கையைக் காட்டினார். "எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தேன். எங்கள் பால்கனி. இவர் இன்னும் எழுந்திருக்கவில்லை போல. கூரையின் விளிம்புக்கு வெளியே இரண்டு பாதம், குதிகால் மேலே, விரல் கீழே. குப்புறப் படுத்துத் தூங்குகிறார். பழுப்புக் கலர் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை.

"வந்த மறுநாளே பாத்துட்டேன்" என்றார் அப்பா. "முதல்ல, காத்துக்காகப் படுத்திருக்காருன்னு நெனச்சேன். காபி எடுத்துட்டு வந்தா, கட்டில்ல இருக்காரு. நம்ம கண்ணுலதான் கோளாறோன்னு பாத்தேன். மறுநாளும் கால் தெரிஞ்சுது. காபியோட வந்தா மறுபடியும் கட்டில்ல, அதுவும் செருப்போட. அப்பத்தான் வெளங்குச்சு. நான் வந்தா அவரு எந்திரிச்சு ஓடணும். அதான் வர்றத நிறுத்திட்டேன். கொஞ்ச நேரமாவது தூங்கட்டும்னு."

"அப்பா, அது வந்து..."

"என்னாச்சுன்னு நான் கேக்கல. உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். பிரியறீங்களா?"

தலையை ஆட்டினேன். அதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. அறை, சாவி, வேலை மாற்றல் கதை எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்களுக்காகத்தான்பா இவ்வளவும். நீங்க அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிடுவீங்கன்னு பயம். நான் ஒருத்தி சம்பாதிக்கிறேன், ஒருத்தியாப் பாத்துப்பேன். எனக்குப் பாரமில்ல. தயவு செஞ்சு வந்துடுங்க. இன்னொரு தடவ நீங்க அப்படி விழுந்து கெடந்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்." மூக்கு ஒழுக ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினேன்.

"அந்த வீட்டுக்குப் போகல" என்றார் அப்பா. "பயப்படாத. தனியா இருக்க மாட்டேன்."

அப்பாடா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளகூட இருக்கலாம்னு பாக்கறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த மாப்பிள்ள?"

"எனக்கு எத்தன மாப்பிள்ள?"

"என்னப்பா பேசறீங்க! நான் உங்க பொண்ணு. அவரு யாரு? நாளைக்கு எனக்கே அவரு யாரோ. பொண்ண விட்டுட்டு, பொண்ண விட்டவரோட போய் இருப்பீங்களா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சா வேலையப் பாக்கப் போயிடுவாங்க." அவர் கோபப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அம்மாடி, நீ ஒண்டியா இருந்தா நாலு பேர்கிட்ட கத்துவ. வேலைல கத்துவ, பொண்ணுகிட்ட கத்துவ, என்கிட்ட போன்ல கத்துவ. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. அவருக்கு அது வராது. அந்த ரூம்ல போய்க் கதவ மூடினார்னா, உள்ள விழுந்து கெடந்தாக்கூட வெளிய சத்தம் வராது. விழுந்து கெடக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"நான் தொரத்தலப்பா. அவராத்தான் ரூம் பாத்தாரு."

"இருக்கலாம்."

"நேத்து மழைல உள்ள கூப்பிட்டேன். அவருதான் வரல. சத்தியமா கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு. நானும் இங்கதான் நின்னேன்." அப்பா கரைப் பக்கம் பார்த்தார். "ரெண்டாவது தடவ கூப்பிட்டிருக்கலாம்."

எனக்குப் பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. அவர் முதல் தடவையே வந்திருக்கலாம். ஒரு தடவையாவது கதவைத் தட்டியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை என்னை ஏன் என்று கேட்டிருக்கலாம். நான் தூங்கினேனா என்று யாராவது கேட்டார்களா? மேலே இருந்து பார்த்தால் வெளியே படுத்தவன் கால்தான் தெரியும், உள்ளே படுத்தவள் தெரிய மாட்டாள். அதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா கேட்டிருப்பார்.

"அவருகிட்ட இன்னும் கேக்கல" என்றார் அப்பா. "உன்கிட்ட கேட்டுட்டுக் கேக்கலாம்னு. நீ வேணாம்னா வேணாம். உன்கூடவே வந்துடறேன்."

"அவருக்கு ஒரு வெந்நீர் போடக்கூடத் தெரியாதுப்பா."

"எனக்குத் தெரியுமே."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அப்பா தனியாக விழுந்து கிடக்கக் கூடாது என்பதுதானே நான் கேட்டது. அது கிடைத்துவிட்டது. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் அகப்படவில்லை. "நானே கேக்கறேன்" என்று எழுந்தேன்.

கீழே வந்தபோது இவர் எழுந்து, போர்வையைப் பால்கனியில் உதறி மடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் போல ஓரம் ஓரமாகச் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல். நான் கதவருகிலேயே நின்றேன்.

"அந்த ரூம்ல இன்னொரு கட்டில் போட எடம் இருக்கா?" என்றேன்.

மடித்த கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் மழை நாளின் வீக்கம் இன்னும் இருந்தது, கண் சிவந்திருந்தது.

"யாருக்கு?" என்றார்.

இந்த மனிதர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். கேட்டதோடு, நான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவர் முகத்திலேயே இருந்தது. இத்தனை வருஷம் அந்த முகத்தில் எதையும் படிக்கத் தெரியாதவளுக்கு அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது. 'எனக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகக்கூட இருந்திருக்காது. தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. மேலே அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்தேன். ரோஷம் வந்து குறுக்கே நின்றது.

"அப்பாவுக்கு" என்றேன்.

"ஓ" என்றார். பிறகு மிச்சமிருந்த ஒரு மடிப்பையும் மடித்தார். "போடலாம். மாமாவுக்குன்னா ஜன்னல் பக்கம் போட்டுடலாம். சீக்கிரம் எந்திரிச்சுடுவாரு, வெளிச்சம் வேணும்."

"ம்" என்றேன்.

பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. இவர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தார். திரும்பி வந்து என் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். நான் கட்டிலில் உட்கார்ந்து, அவர் ஒரு ராத்திரிகூடப் படுக்காத அந்தப் பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.